விறலிக்கு ஏன் நெடும்பாட்டு இல்லை?

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். திருமுருகாற்றுப்படை முருகனை நாடிச் செல்லும் அடியவருக்கு வழி சொல்கிறது. மற்ற நான்கும் பிழைப்புக்காக ஊர் ஊராகப் போகும் கலைஞர்களுக்குச் சொல்கின்றன. பொருநனுக்கு ஒன்று, பாணனுக்கு இரண்டு, கூத்தனுக்கு ஒன்று. வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவன், எதிரே வறுமையோடு வரும் இன்னொருவனை நிறுத்தி, ‘இப்படிப் போ, இன்னாரைப் பார், உன் பசி தீரும்’ என்கிறான். சொல்பவனும் கேட்பவனும் ஆண்கள். அந்தக் கூட்டத்தில் விறலியும் இருக்கிறாள். அதே வெயிலில்தான் அவளும் நடக்கிறாள். அவளும் ஆடிப் பாடுகிறாள், அவளுக்கும் பசிக்கிறது. ஆனால் வழி அவளிடம் சொல்லப்படுவதில்லை.

விறலியாற்றுப்படை என்று ஒரு துறையே இருக்கிறதே என்று மாணவிகள் கேட்பார்கள். இருக்கிறது. புறநானூற்றின் 64, 105, 133 ஆகிய பாடல்கள் அந்தத் துறையில் அமைந்தவை. அவற்றில் ஒன்றும் பத்து அடியைத் தாண்டாது. கூத்தனுக்கு வழி சொல்லும் மலைபடுகடாமோ 583 அடி. விறலியிடம் ‘போ’ என்று சொல்வதற்குச் சில அடிகள் போதும் என்று நினைத்திருக்கிறார்கள். எங்கே வழுக்கும், எங்கே பாம்பு கிடக்கும், இரவில் எந்தச் சீறூரில் தங்கலாம் என்ற விவரமெல்லாம் அவளுக்கு எதற்கு? அதை அறிந்தவன் முன்னே போவான், அவள் பின்னே வருவாள்.

இந்தக் கணக்கு இன்னும் தீர்ந்துவிடவில்லை. மோட்டார் சைக்கிளில் மலைக்குப் போவதும், வெள்ளி சனி ஞாயிறு சேர்ந்து வரும் விடுமுறையில் காடு மேடு சுற்றித் திரும்புவதும் இன்று ஒரு தனி எழுத்து வகையாகவே வளர்ந்திருக்கின்றன. அந்த எழுத்தில் பெண் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்க்க நான் மலைபடுகடாத்திலிருந்து தொடங்குகிறேன். மலையில் நடப்பதைப் பற்றி இத்தனை விரிவாகப் பேசும் பழைய நூல் தமிழில் வேறில்லை.

*

இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னன். செங்கண்மா இன்றைய செங்கம். பாட்டில் வரும் நவிர மலையைத் திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலை என்று அடையாளம் காண்கிறார்கள். சேயாறு இன்றும் அதே திசையில்தான் ஓடுகிறது, தண்ணீர் இருக்கும் மாதங்களில்.

புலவருக்கு மலை தெரியும். பன்றியைப் பிடிக்கப் பொறி வைத்திருக்கும் வழி அது, விடிந்த பிறகு கடந்து போங்கள் என்கிறார். தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்டக் கவண் கல் எறிவார்கள், அது மரத்தில் பட்டுத் தெறித்து வரும், பார்த்துப் போங்கள் என்கிறார். பாசி படர்ந்த வழுக்குப் பாறையில் ஒருவரை ஒருவர் காத்துக்கொண்டு நடக்கச் சொல்கிறார். நடுகல் நிற்கும் கவர்வழி ஒன்று வரும். புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே திசை தெரியாது. அந்த இடத்தைத் துடைத்து, புல்லை முடிந்து அடையாளமிட்டுவிட்டுப் போங்கள் என்கிறார். இன்றைக்கு மலையேறும் குழுக்கள் மரத்தில் துணி கட்டிப் போவதும் கற்களை அடுக்கிவைப்பதும் இதே வேலைதான்.

மலையைப் பெண்ணின் உடலாக வர்ணிக்கும் சோம்பேறித்தனமும் இந்தப் பெயரில் இல்லை. மலையை யானையாகவும், அதன் ஓசைகளை யானையின் மதநீராகவும் காண்கிறார் புலவர். அந்த ஓசைகளின் பட்டியலில் பெண்களின் குரல் கேட்கிறது. புலி பாய்ந்து மார்பில் காயம்பட்டுக் கிடக்கும் கணவனின் புண் ஆற, காவலாகக் கொடிச்சியர் பாடும் பாட்டு ஒன்று. தினை குற்றும் பெண்களின் வள்ளைப்பாட்டு ஒன்று.

இத்தனை நுட்பமான நூலில் பெண்கள் இரண்டு விதமாக வருகிறார்கள். ஒருத்தி விறலி. கல் தேய்த்த அவள் அடியை, ஓடிக் களைத்த நாயின் நாவுக்கு ஒப்பிடுகிறார் புலவர். செருப்பில்லாமல் மலையேறிய எவருக்கும் அந்த உவமையின் உண்மை தெரியும். ஆனால் அது ஓர் அழகு வருணனையின் நடுவில் வருகிறது. அடி, கூந்தல், கண், வளை என்று வரிசையாகச் சொல்லி, இப்படிப்பட்ட விறலியர் உன்னைச் சூழ்ந்து வர நீ போ என்று கூத்தர் தலைவனிடம் முடிகிறது. வலி அவளுடையது, வழி அவனுடையது. பாம்பு ஒடுங்கிய இடத்தைக் கடக்கும்போது விறலியருக்கு ஒரு வேலை தரப்படுகிறது. கைகூப்பித் தொழ வேண்டும். மரத்தையும் வழியையும் பார்த்துத் தெளிவது தலைவனின் பாடு.

இன்னொருத்தி குறமகள். வழியில் உள்ள சிற்றூர்களில் சோறாக்கி, பெற்ற பிள்ளைகளைப் போலத் தடுத்து நிறுத்தி உண்ணத் தருபவள். ஒருத்தி நடக்கிறாள், ஒருத்தி நடப்பவர்களுக்குச் சமைக்கிறாள். 583 அடியில் இந்த இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. ‘நீ எங்கிருந்து வருகிறாய், கால் வலிக்கிறதா’ என்று குறமகள் விறலியைக் கேட்டிருந்தால் பாட்டு வேறாகியிருக்கும்.

*

2024 குடியரசு தினம் வெள்ளிக்கிழமையில் வந்தது. நாங்கள் மூன்று பேர், இரண்டு வண்டிகள். என்னுடைய புல்லட், தோழியின் ஆக்டிவா. மூவரும் நாற்பதைக் கடந்தவர்கள், மூவரும் வேலைக்குப் போகிறவர்கள். சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை. மறுநாள் தென்மகாதேவமங்கலம் பக்கமாகப் பர்வதமலை ஏற்றம். ஞாயிறு செங்கம் பார்த்துவிட்டு வீடு. கையில் மலைபடுகடாம் உரைப்பதிப்பு ஒன்று இருந்தது. பாட்டை மலையில் வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை.

பயணத்தின் சுகத்தை விரித்துச் சொல்லப் போவதில்லை. செஞ்சியைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பாறைகள் அடுக்கிவைத்ததுபோல் எழும். அந்தச் சாலையில் காலை வெயிலில் கியரை மாற்றிக்கொண்டு போவதற்கு இணை கிடையாது. அவ்வளவு போதும். விமரிசகியாக எனக்கு முக்கியமானது அந்த மூன்று நாள் எப்படிக் கிடைத்தது என்பதுதான். ஆண்கள் எழுதும் பயணக் கட்டுரை வண்டியைக் கிளப்புவதில் தொடங்குகிறது. எங்கள் பயணம் புதன்கிழமை இரவு மாவரைப்பதில் தொடங்கியது. மூன்று நாளுக்கு இட்லி மாவு, பருப்புப் பொடி, மாமியாரின் மாத்திரைகளைக் காலை மாலை என்று பிரித்து வைத்த டப்பா, பையனின் டியூஷன் நேரம் எழுதிய சீட்டு. ‘நீ போய்ட்டு வா, நான் பார்த்துக்கறேன்’ என்ற அனுமதி ஃப்ரிட்ஜில் இருந்த மாவின் அளவுக்குச் செல்லுபடியானது.

இதைக் குறிஞ்சிப் பாடல்கள் அறிந்தே இருக்கின்றன. தலைவிக்கு மலையில் வெளியே இருக்கக் கிடைப்பது தினைப்புனம் காக்கும் நாட்கள்தான். கிளி ஓட்டுவது வேலை. அந்த வேலையின் பெயரால்தான் அவளுக்குக் காற்றும் அருவியும் காதலும். கதிர் முற்றியதும் இற்செறிப்பு, கதவு மூடிவிடும். தோழி கிளிகளை வாழ்த்துவதும் தினை சீக்கிரம் விளைந்துவிட்டதே என்று நொந்துகொள்வதும் வெறும் குறிப்புமொழி என்று நமக்குச் சொல்லித் தந்தார்கள். விடுமுறை முடிந்துவிட்டதே என்ற நேரான துக்கமும் அதில் இருக்கிறது. நமக்குத் தினைக்குப் பதில் திங்கட்கிழமை.

வழியெல்லாம் ஒரே கேள்வி, மரியாதையான கேள்விதான். டீக்கடையில் ‘சார் பின்னாடி வர்றாராம்மா?’ லாட்ஜில் ‘கூட ஜென்ட்ஸ் யாரும் வரலையா மேடம்?’ யாரும் எங்களைத் தடுக்கவில்லை. எங்கள் பாட்டின் தலைவன் எங்கே என்றுதான் தேடினார்கள்.

பர்வதமலையில் முதலில் படிகள். பிறகு ஒழுங்கில்லாத கற்கள். கடைசியில் மொட்டைப் பாறை. அதில் அடித்த கம்பியையும் சங்கிலியையும் பிடித்து ஏற வேண்டும். கடப்பாறைப் படி, தண்டவாளப் படி, ஏணிப் படி என்று ஊரார் பெயர் வைத்திருக்கிறார்கள். பௌர்ணமிக் கூட்டம் கலைந்திருந்தது. பாதி வழியில் மோர் விற்ற ஓர் ஆயா எங்கள் ஹெல்மெட்டுகளைப் பார்த்துவிட்டு, ‘ஏம்மா, மூணு பொம்பளைங்களும் வண்டியிலியா வந்தீங்க?’ என்றார். பிறகு, ‘மேல கம்பிகிட்ட குரங்கு பையைப் பிடுங்கும், பழத்தைக் கையில வெச்சிக்காதீங்க. எறங்கும்போது முதுகு பாறைப் பக்கம் இருக்கணும்’ என்றார். ஒதுங்குவதற்குப் பெண்கள் எங்கே போவார்கள் என்று அவராகவே கை காட்டினார். எத்தனை முறை ஏறியிருக்கிறீர்கள் என்று தோழி கேட்டாள். ‘தெனமும் ஏர்றத யாராச்சும் எண்ணுவாங்களா?’ என்று சிரித்தார்.

மலைபடுகடாத்தில் நடக்காத உரையாடல் இது. குறமகள் விறலியிடம் பேசிவிட்டாள். பேசியதும் அசல் ஆற்றுப்படை. எது வழுக்கும், எது பிடுங்கும், எங்கே ஒதுங்கலாம். இதில் ஒரு வித்தியாசத்தையும் மறைக்கக் கூடாது. எங்கள் ஏற்றத்துக்கு ‘மலையேற்றம்’ என்று பெயர் இருக்கிறது, கட்டுரை இருக்கிறது. தலையில் மோர்ப் பானையோடு அவர் ஏறுவதற்குப் பிழைப்பு என்ற பெயர் மட்டும்தான். மலையில் அதிகம் நடந்த கால்கள் விறகு சுமப்பவர்களுடையவை, தேயிலை பறிப்பவர்களுடையவை. மலையேற்ற இலக்கியத்தில் அவர்கள் தேநீர் தருபவர்களாக மட்டுமே வருகிறார்கள், குறமகள் சோறு தருபவளாக மட்டும் வந்ததுபோல.

*

மோட்டார் சைக்கிளில் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடம் பின்னிருக்கை. இது வழக்கம் மட்டுமில்லை, வண்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 123ஆம் விதி, பின்னால் அமர்பவரின் உடை சக்கரத்தில் சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்கிறது. விதியில் பெண் என்ற சொல் இல்லை. ஆனால் அந்தக் கம்பிக்குக் கடையில் ‘சாரி கார்டு’ என்றுதான் பெயர். ஒருபக்கமாகக் கால் போட்டு, ஒரு கையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு வரும் புடவைக்காரியை வண்டி எதிர்பார்த்தே காத்திருக்கிறது. அவள் உயிரைக் காக்கும் கம்பிதான், வேண்டாம் என்று சொல்ல முடியாது. அவள் முன்னால் உட்கார்வாள் என்பதற்கு வண்டியில் எந்த ஏற்பாடும் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் பெண்கள் முன்னிருக்கைக்கு வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஏராளமான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட என்று அது பரவியது. 2018இல் தமிழக அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு மானிய விலையில் இருசக்கர வாகனம் தந்தது. இரண்டும் நல்ல காரியங்கள். இரண்டிலும் பெண்ணின் சக்கரத்துக்கு ஒரு வேலை சொல்லப்பட்டது. வேலையில்லாமல், சும்மா, ஒரு மலையைப் பார்த்துவிட்டு வர அவள் வண்டி எடுப்பதற்கு இன்னும் நியாயம் கிடைக்கவில்லை.

ஆண்களின் மோட்டார் சைக்கிள் இலக்கியம் நியாயத்தைத் தேடுவதே இல்லை. 1974இல் வந்த ராபர்ட் பிர்சிக்கின் ‘ஸென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்’ இந்த வகையின் வேதநூல். கதைசொல்லி தன் மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மினசோட்டாவிலிருந்து மேற்கே போகிறார். கூட இன்னொரு வண்டியில் நண்பர் ஜான், பின்னிருக்கையில் ஜானின் மனைவி சில்வியா. தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமைக் காலை, எதிரே வேலைக்குப் போகும் கார்களில் இருந்த முகங்களைப் பார்த்து, சவ ஊர்வலம் போல இருந்தது என்கிறாள் சில்வியா. பெரிய தத்துவங்கள் வரும் அந்த நூலில் மனிதர்களின் முகத்தை இப்படிப் பார்த்தவள் அவள். மோன்டானாவில் மலையேற்றம் தொடங்கும் முன்பே கணவனோடு அவள் திரும்பிவிடுகிறாள். மலை தந்தைக்கும் மகனுக்கும். இயந்திரத்தைப் பராமரிப்பதை ஒரு தியானமாக்கிய நூல், வீட்டைப் பராமரிப்பவர்கள் யார் என்று கேட்கவில்லை. நான் அதை இரண்டு முறை படித்திருக்கிறேன், இன்னும் விரும்புகிறேன். சில்வியா எழுதியிருந்தால் அந்தப் பயணம் எப்படி இருந்திருக்கும் என்று ஒவ்வொரு முறையும் யோசித்திருக்கிறேன்.

எழுதிய பெண்களும் உண்டு. ஸ்காட்லாந்தில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராக இருந்த நான் ஷெப்பர்ட், கேர்ன்கார்ம் மலைகளில் வாழ்நாள் முழுக்க நடந்தவர். ‘தி லிவிங் மவுன்டன்’ நூலை இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் எழுதினார். முப்பது வருடம் மேசை இழுப்பறையில் கிடந்து 1977இல்தான் அச்சானது. உச்சியை அடைவது அதில் பெரிய விஷயமில்லை. மலைக்குள் போவது, தண்ணீரை, பாறையை, தூக்கத்தைக்கூட அறிவது அதன் வேலை. ‘மலையை வென்றேன்’ என்ற சொல்லுக்கு மாற்றான ஒரு மொழி அங்கே கிடைக்கிறது. வெல்பவருக்குத்தான் மலை எதிரி. பானையோடு தினமும் ஏறுபவருக்கு அது பக்கத்து வீடு.

*

இதில் உயிர் சம்பந்தப்பட்ட பகுதியும் இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சென்னையிலிருந்து போன குழுவில் பெரும்பாலோர் பெண்கள். அந்த வாரம் எங்கள் ஆசிரியர் அறையில் நான் அதிகம் கேட்ட கேள்வி, ‘பொம்பளைப் பிள்ளைங்களுக்கு மலையில என்ன வேலை?’ என்பது. புல் காய்ந்து கிடக்கும் மாதத்தில் அந்த வழியில் போகலாம் என்று யார் சொன்னார்கள், தீயைப் பற்றிய எச்சரிக்கை அவர்களிடம் போய்ச் சேர வழி இருந்ததா என்பவை கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். பெருங்கௌசிகனாராக இருந்தால் அவற்றைத்தான் கேட்டிருப்பார். இன்ன நேரத்தில் போகாதே என்று சொல்வது ஆற்றுப்படை. போகவே போகாதே என்று சொல்வது இற்செறிப்பு. இரண்டையும் ‘பாதுகாப்பு’ என்ற ஒரே சொல்லால் அழைப்பதுதான் நம் சிக்கல்.

மும்பையின் பொதுவெளி பற்றி ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் வெளியிட்ட ‘ஒய் லாய்ட்டர்?’ இந்த இடத்தில் உதவுகிறது. பெண்களுக்குப் பாதுகாப்பை மட்டும் கேட்டால் கடைசியில் வீட்டுக்குள் இருக்கச் சொல்வார்கள். ஆபத்தைத் தானே எடைபோட்டுத் துணியும் உரிமையைக் கேட்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். துணிவதற்கு விவரம் வேண்டும். விவரம் இல்லாமல் அனுப்புவதும் விவரத்தை மறைத்துத் தடுப்பதும் ஒரே காரியத்தின் இரண்டு வழிகள்.

சில மலைகளில் விவரமும் பயனில்லை, கதவே மூடியிருக்கும். மாதவிடாய்ப் பருவத்துப் பெண்கள் வெள்ளியங்கிரியின் ஏழு மலை ஏறக் கூடாது என்பது இன்றும் வழக்கம். தமிழுக்கு இலக்கணம் தந்ததாக மரபு சொல்லும் முனிவரின் பெயர் கொண்ட அகத்தியர்கூடத்துக்குக் கேரளப் பக்கமிருந்து பெண்கள் ஏற, 2018இல் கேரள உயர் நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. 2019 ஜனவரியில் தன்யா சனல் ஏறினார். காணிப் பழங்குடி மக்கள் தங்கள் வழிபாட்டைச் சொல்லி எதிர்த்தார்கள். அவர்கள் மலை அது என்பதையும் அவர்கள் பேச்சைக் கேட்க வேண்டும் என்பதையும் நான் ஒதுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு மலையிலும் தெய்வத்தின் தனிமையைக் காக்கும் பொறுப்பு பெண்ணின் உடல்மீதே வந்து விழுகிறது. பாம்பின் முன்னே விறலியைக் கைகூப்பச் சொன்ன அதே பொறுப்பு.

*

புறநானூற்றின் 133ஆம் பாடலில் மோசியார் ஒரு விறலியிடம் பேசுகிறார். ஆய் அண்டிரனின் புகழை நீ காதால் கேட்டிருக்கிறாயே தவிரக் கண்டதில்லை. காண வேண்டுமானால் மலைக்காற்று உன் கூந்தலைக் கோத, மயிலைப் போல நடந்து போ என்கிறார். அவளைத் தனியே முன்னிறுத்தி, உனக்குப் பார்க்க ஆசையா என்று கேட்பதுபோல் தொடங்கும் அபூர்வமான பாட்டு. கூந்தலும் மயிலும் வந்ததும் பாட்டு முடிந்துவிடுகிறது. அடுத்த ஐந்நூறு அடியை யாரும் எழுதவில்லை.

அவை இன்று வேறெங்கோ எழுதப்பட்டுக்கொண்டிருக்கின்றன. வண்டி ஓட்டும் பெண்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளில் பார்க்கிறேன். எந்த பெட்ரோல் பங்கில் கழிப்பறை சுத்தம், எந்த லாட்ஜில் மூன்று பெண்களுக்குக் கேள்வி கேட்காமல் அறை தருவார்கள், எந்த வளைவில் மணல் கிடக்கிறது, மலையில் மாதவிடாய் வந்தால் என்ன செய்வது. இவற்றை இலக்கியம் என்று யாரும் சொல்வதில்லை. ‘என்னை நான் கண்டுகொண்டேன்’ என்று முடியும் பயணக் கட்டுரைக்குத்தான் இதழ்களில் இடம். பத்துப்பாட்டின் அளவுகோலை வைத்தால் தீர்ப்பு மாறும். ஆற்றுப்படை தன்னைக் கண்டுகொண்டவன் பாட்டில்லை. பின்னால் வருகிறவருக்கு வழி சொல்பவரின் பாட்டு. வழுக்குப் பாறையும் பொறியும் கவண் கல்லும் கவிதைக்குள் வரலாம் என்றால், கழிப்பறையும் மணல் வளைவும் வரலாம்.

என் மாணவிகளில் சிலர் வண்டி ஓட்டுகிறார்கள், சிலர் பேருந்தில் போகிறார்கள், சிலருக்கு ஊர் எல்லையைத் தாண்டவே அனுமதியில்லை. விறலியாற்றுப்படையை நெடும்பாட்டாக எழுதப் போகிறவர்கள் இவர்களில் யாராகவும் இருக்கலாம். எழுதும்போது குறமகளையும் பேச விட வேண்டும். கவர்வழியில் நின்று புல்லை முடிந்து வைக்க ஆசிரியப்பா தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. எந்தப் பக்கம் போனோம் என்று தெரிந்திருந்தால் போதும்.